சேர்ட்டுக்குக் கொடுக்கும் காசும் வீரர் பதிவும்

உருத்திரபுரத்தில் கடை வைத்திருக்கும் என்னிடம் "நானா, சேர்ட்டுக்கு ஏதாவது தாங்கோ" என்று உதைபந்தாட்டப் பிள்ளைகள் அடிக்கடி வருவார்கள். கொடுக்கிறோம். சேர்ட்டில் கடைப் பெயர் விழுகிறது, ஒருநாள் கிண்ணப் போட்டியோடு கணக்கு முடிகிறது. அந்தப் போட்டியில் ஆடிய பிள்ளையின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. நட்டம் அங்கேதான்.

பீபா 2001இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு வீரரை ஒப்பந்தம் முடியுமுன் வேறு நாட்டுக் கழகம் பணம் கொடுத்து எடுத்தால், அந்தத் தொகையில் 5 வீதம், 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் வீதம், அதன்பின் வருடத்துக்கு அரை வீதம். கைமாறும் தொகை ஒரு கோடி ரூபாய் என்றால், அந்த முதல் நான்கு வருடங்களும் வைத்திருந்த சிறு கழகத்துக்கு ஒரு இலட்சம். லொத்தர் மாதிரித்தான், எல்லாப் பிள்ளைக்கும் விழாது. ஆனால் பதிவு இல்லாவிட்டால், விழுந்தாலும் நமக்கில்லை. 2022 நவம்பர் முதல் பீபாவின் தீர்வகம் இப்பணத்தைப் பதிவுத் தரவைப் பார்த்தே பிரிக்கிறது.

அந்தப் பதிவு ஒழுங்காக ஏறும் இடம் வயதுப் பிரிவுத் தேசிய லீக். இந்தியாவில் 2017-18 பருவத்தில் 13, 15, 18 வயதுக்குட்பட்ட கழக அணிகளுக்குத் தனித்தனி லீக் இருந்தது. முதலில் வலயத்துக்குள் ஆட்டம், தேறியவை மட்டும் இறுதிச் சுற்றுக்கு. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இருபது பிள்ளைகளுக்கு பஸ்ஸும் சாப்பாடும் கணக்குப் போட்டவருக்கு வலய முறையின் அருமை விளங்கும்.

வயதுக் கள்ளம் எங்கும் உண்டு. 2009இல் 17 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணத்தில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தே பார்த்தார்கள். வன்னியில் பிரச்சினை வேறு. 2008, 2009 இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைத்த குடும்பங்கள் நிறைய. பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம், செலவும் பெரிதல்ல, ஆனால் அலைய ஆள் வேண்டும்.

மேலிடமும் சரியாக இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தை பீபா இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் விடுவித்தது.

அடுத்த தடவை சேர்ட்டுக்கு வரும் கழகத்திடம் நான் கேட்கப் போவது வீரர் பட்டியலும் பிறப்புச் சான்றிதழ் பிரதிகளும். இல்லையென்றால் முதல் காசு அதற்கே, சேர்ட் பிறகு.