விதைத் தட்டு வெட்டும் ஸி.என்.ஸி. யந்திரம்: அமைப்பும் பழுது காணும் முறையும்

நிலக்கடலை, மக்காச்சோளம் முதலிய பயிர்களை விதைக்கருவி கொண்டு விதைக்கும் குடியானவர்களுக்கு, அக்கருவியிலுள்ள விதைத் தட்டு முக்கியமான உறுப்பாகும். தட்டு சுழலும்போது அதன் ஓரத்திலுள்ள ஒவ்வொரு குழியும் ஒரு விதையை எடுத்துச் சாலில் விடுகிறது. பயிருக்குப் பயிர், விதைக்கு விதை, தட்டும் மாறவேண்டும். விதைப்புக்கு ஏற்ற ஈரம் நிலத்தில் சில நாட்களே நிற்கும். அச்சமயத்தில் பொருத்தமான தட்டு கிடைக்காவிடில் பருவம் தவறிப்போகும். ஆகையால் அதை அருகிலேயே வெட்டிக்கொள்ளும் வழியை அறிந்திருப்பது நன்று.

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியார்க்குத் தண்டையார்பேட்டை ஒரே ரயில் பாதையில் அமைந்துள்ளது. அங்கிருந்து திருவொற்றியூர் வரையிலுள்ள தொழிற்பகுதியில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. இத்தகைய பட்டறை ஒன்றிலோ, கூட்டுறவுச் சங்கத்தின் கருவிக் கொட்டகையிலோ, மேசையளவான ஸி.என்.ஸி. யந்திரமொன்றைக் கைவேலையாகவே அமைத்துக்கொள்ளலாம். இதற்கு வேண்டிய எலக்டிரானிக் சாமான்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன.

எண்களைக் கொண்டு வெட்டு யந்திரத்தை நடத்தும் முறை 1952-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. அன்று பெரும் பெட்டிகள் செய்த வேலையை இன்று உள்ளங்கையளவான ஆர்டுயினோ ஊனோ பலகையும், 2009-இல் வெளிவந்த ஜெர்பில் என்னும் இலவச நிரலும் செய்துவிடுகின்றன.

யந்திரத்தின் அமைப்பு

உறுதியான சட்டத்தின்மேல் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் நகரும் பாகங்கள் உள்ளன. ஒவ்வொரு திசைக்கும் வழித்தண்டுகளும், ஒரு நீள் திருகும், அதைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டாரும் வேண்டும். வரைபடம் கணினியில் ஜி-கோட் என்னும் கட்டளைகளாக மாற்றப்பட்டுப் பலகைக்குச் செல்கிறது. பலகை மின் துடிப்புகளை அனுப்புகிறது. டிரைவர் என்னும் சிறு கருவி அத்துடிப்புகளுக்கு ஏற்ப மோட்டாருக்கு மின்சாரம் தருகிறது.

இங்கு ஒன்றை முதலிலேயே மனத்திற்கொள்ள வேண்டும். துடிப்பை அனுப்பும் பலகைக்கு, மோட்டார் உண்மையில் திரும்பிற்றா என்பது தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பவனைப் போன்றது இது. நடுவில் ஓர் அடி தவறினால், அதற்குப் பின் வெட்டுவது யாவும் அவ்வளவு விலகியே அமையும். யந்திரமோ பிழை இருப்பதாகச் சொல்லாது. பெரும்பாலான சீர்கேடுகளுக்கு மூலம் இதுவே.

கணக்கு

சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள் திரும்பும். டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200 துடிப்புகள் ஆகின்றன. ஒரு சுற்றில் 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகாயின், மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள். ஜெர்பிலில் டாலர் குறியுடன் 100, 101, 102 என்னும் அமைப்புகளில் மூன்று திசைகளுக்கும் இவ்வெண்ணை எழுத வேண்டும்.

தட்டின் கணக்கும் எளிதே. விதைக்கருவிச் சக்கரத்தின் குறுக்களவு 50 சென்டிமீட்டரானால் சுற்றளவு 157 சென்டிமீட்டர். சக்கரம் ஒரு முறை சுற்றும்போது தட்டும் ஒரு முறை சுற்றுமாயின், 16 குழிகளுள்ள தட்டு ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்கு ஒரு விதை போடும். இது நிலக்கடலைக்கு ஏற்றது. 6 குழிகளானால் 26 சென்டிமீட்டர். இது மக்காச்சோளத்துக்கு ஆகும். குழியின் அளவு, விதையின் மிகப் பெரிய அளவைவிட நூற்றுக்கு 10 பங்கு அதிகமாயிருத்தல் பொது விதி.

பிழையின் நஷ்டத்தையும் கணக்கிடலாம். 30 சென்டிமீட்டர் வரிசையில் 10 சென்டிமீட்டர் இடைவெளியானால் ஏக்கருக்குச் சுமார் 1,35,000 செடிகள். 16 குழிகளில் ஒன்று மட்டும் விதையை ஏற்காமற்போனால், ஏக்கருக்குச் சுமார் 8,400 இடங்கள் வெறுமையாகும்.

பழுது காணும் முறை

பழுது நேர்ந்தவுடன் நிரலை மாற்றத் தொடங்குவது தவறு. முதலில் திருகும் சட்டமும், பிறகு கம்பிகளும், கடைசியில் நிரலும் என்ற வரிசையில் பார்த்தல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, பலனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. வெட்டு வரவர ஒரு பக்கமாக விலகுதல். மோட்டார்த் தண்டையும் திருகையும் இணைக்கும் கப்ளிங்கின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இடுக. வேலை முடிந்தபின் கோடு பிரிந்திருந்தால் அங்குள்ள சிறு திருகு தளர்ந்துள்ளது. கோடு பிரியாவிடில், கட்டரை மேலே தூக்கி, வெற்றிடத்தில் அதே வேலையை ஓட்டுக. தொடங்கிய புள்ளிக்குச் சரியாகத் திரும்பினால், வெட்டும் பாரமே காரணம். ஒவ்வொரு முறையும் வெட்டும் ஆழத்தைக் குறைக்கவும். அப்போதும் விலகினால், வேகத்தையும் வேக ஏற்றத்தையும் குறைத்து, டிரைவர் சூடேறுகிறதா என்று பார்க்கவும்.

2. மோட்டார் திரும்பாமல் நடுங்கி ஒலித்தல். இது பெரும்பாலும் கம்பி அறுந்ததனாலோ, ஜோடி மாறியதனாலோ நேர்வது. மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரைக் கழற்றி, நான்கு கம்பிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்துத் தண்டைக் கையால் திருப்பவும். எந்த இரண்டு சேரும்போது தண்டு இறுகுகிறதோ அவையே ஒரு ஜோடி. மின்சாரம் ஓடும்போது மோட்டார்க் கம்பியை ஒருபோதும் பிடுங்கலாகாது, டிரைவர் எரிந்துபோகும்.

3. நடுவில் காரணமின்றி நின்றுவிடுதல். கட்டரைச் சுழற்றும் மோட்டாரிலிருந்து எழும் மின் இரைச்சல், எல்லை சுவிட்சுகளின் கம்பியில் புகுந்து, எல்லையைத் தொட்டதாகப் பொய்யாக அறிவிப்பதே பெரும்பாலும் காரணம். இவ்விரு கம்பிகளையும் தனித்தனி வழியில் கொண்டுசெல்லவும். சுவிட்சுக்கு உறையிட்ட கம்பியைப் பூட்டி, அவ்வுறையை ஒரு முனையில் மட்டும் எர்த்துடன் இணைக்கவும்.

4. வட்டம் நீள்வட்டமாதல். 100 மில்லிமீட்டர் நகரக் கட்டளையிட்டு அளந்து பார்க்கவும். ஒவ்வொரு முறையும் மாறாமல் 98 மில்லிமீட்டரே நகர்ந்தால், அத்திசையின் எண் பிழையானது. 400-ஐ 100-ஆல் பெருக்கி 98-ஆல் வகுக்க, 408.16 என்னும் சரியான எண் கிடைக்கும். அளவு முறைக்கு முறை மாறுமாயின், எண்ணைத் தொடாமல், திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள ஆட்டத்தை நீக்கவும்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலோரத்தில் எஃகுத் தண்டுகள் விரைவில் துருப்பிடிக்கும்; கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். வேலை முடிந்ததும் தூசியைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி, யந்திரத்தை மூடி வைக்கவும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் தாழ்ந்த தெருக்களில் வெள்ளம் தேங்கியதை நினைத்து, மின் பெட்டியைத் தரையில் வையாமல் சுவரில் உயரே பொருத்துவது உசிதம்.

எச்சரிக்கை

அவசர நிறுத்துப் பொத்தான், கணினிக்குச் செய்தி அனுப்புவதாக இராமல், மோட்டார்களின் மின்சாரத்தையே துண்டிப்பதாக இருக்க வேண்டும். சட்டத்துக்கு எர்த் அவசியம். கண்ணாடி அணியாமலும், தோளில் துண்டுடனும் யந்திரத்தின் அருகில் நிற்கலாகாது. ஓடும் யந்திரத்தைத் தனியே விட்டுச் செல்வதும் கூடாது.

தட்டைச் சோதித்தல்

யந்திரம் சரியாக ஓடிற்று என்பதால் மட்டும் தட்டு சரியென்று கொள்ளலாகாது. புதுத் தட்டைப் பொருத்தி, கருவியைத் தூக்கி நிறுத்தி, சாக்கின்மேல் விதை விழும்படி சக்கரத்தை 10 சுற்று சுற்றுக. 16 குழித் தட்டானால் 160 விதைகள் விழவேண்டும். குறைந்தால் குழி சிறிது, மிகுந்தால் பெரிது, விதை உடைந்தால் ஓரம் கூர்மையாக உள்ளது. இச்சோதனையை மழைக்கு முன்பே செய்து முடித்து, பயிரின் பெயரையும் குழிகளின் எண்ணிக்கையையும் தட்டின்மேல் பொறித்து வைப்பது நலம். அவ்வாறு செய்வோர்க்கு ஈரம் கிடைத்த அன்றே விதைப்பு நடைபெறும்.