ஊதியப் பாதுகாப்பு முறைமை

ஊதியப் பாதுகாப்பு முறைமை என்பது, தனியார் நிறுவனங்கள் தம் தொழிலாளர்களின் சம்பளத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்காமல், அரசின் கண்காணிப்பில் உள்ள மின்னணு வழியில் செலுத்த வேண்டும் என்னும் ஏற்பாடு ஆகும். ஐக்கிய அரபு அமீரகம் 2009 ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. 2013 இல் சவூதி அரேபியாவும் 2015 இல் கத்தாரும் இதே வகை முறைகளைக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரையும் இம்முறை நேரடியாகப் பாதிக்கிறது.

பின்னணி

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளியின் விசா பெரும்பாலும் அவரது முதலாளியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். சம்பளம் வராவிட்டாலும் வேறு வேலைக்கு மாறுவது எளிதன்று. ஊதியம் ரொக்கமாகத் தரப்பட்ட காலத்தில், அது கொடுக்கப்பட்டதற்குச் சான்றாக இருந்தது முதலாளியிடம் உள்ள கையொப்பப் பதிவேடு மட்டுமே. குறைந்த தொகையைப் பெற்றுக்கொண்டு கூடுதல் தொகைக்குக் கையொப்பமிட்ட தொழிலாளி, பின்னர் அதை மெய்ப்பிக்க வழி இல்லை. 2008 ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியால் கட்டுமானத் துறை தளர்ந்தபோது, சம்பளப் பாக்கி பெரும் சிக்கலானது.

செயல்படும் முறை

அமீரகத்தில் இம்முறையைத் தொழிலாளர் அமைச்சும் மத்திய வங்கியும் இணைந்து நடத்துகின்றன. அதன் படிகள் பின்வருமாறு:

1. நிறுவனம் ஒவ்வொரு மாதமும் ஒரு சம்பளத் தகவல் கோப்பை உருவாக்கும். தொழிலாளியின் அடையாள எண், நிலையான ஊதியம், மாறும் ஊதியம், விடுப்பு நாட்கள் ஆகியவை அதில் இருக்கும்.
2. அக்கோப்பும் பணமும் வங்கி அல்லது அனுமதி பெற்ற நாணய மாற்று நிறுவனம் வழியாகச் செல்லும்.
3. கோப்பின் விவரங்கள் அமைச்சிடம் உள்ள ஒப்பந்தப் பதிவுகளுடன் ஒப்பிடப்படும்.
4. சம்பளம் தொழிலாளியின் வங்கிக் கணக்கிலோ ஊதிய அட்டையிலோ சேரும்.

2022 ஆம் ஆண்டின் விதியின்படி, உரிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சம்பளம் செலுத்தாத நிறுவனம் காலந்தாழ்த்தியதாகக் கருதப்படும். அதற்குப் புதிய வேலை அனுமதிகள் நிறுத்தி வைக்கப்படலாம். கத்தாரின் சட்டம் இதற்கு 7 நாட்களே அவகாசம் தருகிறது.

பயன்கள்

தொழிலாளி புகார் செய்யும் வரை காத்திராமல், சம்பளம் வராததை அரசே அறிய முடிகிறது என்பது இதன் முதன்மைப் பயன். வழக்கு நடக்கும்போது வங்கிப் பதிவு சான்றாகிறது. நேர்மையான முதலாளிக்கும் அதே பதிவு பாதுகாப்பாகும்.

குறைபாடுகள்

பணம் எப்போது, எவ்வளவு சென்றது என்பதை மட்டுமே இம்முறை காட்டும்; அதன் பின் நடப்பதைக் காட்டாது. எடுத்துக்காட்டாக, ஒப்பந்தச் சம்பளம் 1,200 திர்ஹாம் எனக் கொள்வோம். நிறுவனம் 900 திர்ஹாம் மட்டும் அனுப்பினால் அந்த வேறுபாடு பதிவில் தெரியும். 1,200 திர்ஹாம் அனுப்பிவிட்டு, 300 திர்ஹாமைத் தொழிலாளியிடமிருந்து ரொக்கமாகத் திரும்ப வாங்கினால் பதிவில் எந்தக் குறையும் இராது. தொழிலாளியின் அட்டையையும் இரகசிய எண்ணையும் மேற்பார்வையாளர் வைத்துக்கொண்டாலும் இதே நிலைதான். மிகைநேர வேலைக்கான கூலி விடுபட்டாலும், கோப்பை நிரப்புவது முதலாளியே என்பதால், அது எளிதில் வெளிப்படாது.

வீட்டுப் பணியாளர்கள் தொடக்கத்தில் இம்முறைக்கு வெளியே இருந்தனர். அமீரகம் 2023 இல் வீட்டுப் பணியின் சில பிரிவுகளை மட்டும் கட்டாயமாகச் சேர்த்தது.

நொடித்துப்போன நிறுவனத்திடமிருந்து பணத்தைப் பெற்றுத் தரவும் இம்முறையால் இயலாது. அதற்காகத் தனி ஏற்பாடுகள் தேவைப்பட்டன. கத்தார் 2018 இல் தொழிலாளர் ஆதரவு மற்றும் காப்புறுதி நிதியத்தைச் சட்டத்தின் மூலம் அமைத்தது. அமீரகம் அதே ஆண்டில் தொழிலாளர்களுக்கான காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

தொழிலாளர் கவனிக்க வேண்டியவை

ஊதிய அட்டையையும் இரகசிய எண்ணையும் தொழிலாளி தம்மிடமே வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் படியையும், சம்பளம் வந்ததாகக் கூறும் குறுஞ்செய்திகளையும், வேலை செய்த மணிக்கணக்கையும் சேமித்து வைப்பது நல்லது. மின்னணுப் பதிவு சொல்லாமல் விடுவதை மெய்ப்பிக்க அவை உதவும்.