ரத்தம் போனால் மூலம்தானா?

மயிலாப்பூரில் ஒரு எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் பலரும் நோயின் பெயரைத் தாங்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். "சிஸ்டர், எனக்கு பைல்ஸ்" என்பார்கள். சுவரில் ஒட்டிய 'மூலம், பவுத்திரம்' நோட்டீஸ், மெடிக்கல் ஷாப் களிம்பு எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே எங்களிடம் வருவார்கள். மலத்தோடு ரத்தம் போக மூலம் சாதாரணக் காரணம்தான். ஆனால், உள்ளே பார்க்காமல் மூலம் என்று யாரும் சொல்ல முடியாது.

பார்ப்பது பெரிய காரியமில்லை. இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொல்வோம். துணி போர்த்திவிடுவோம். டாக்டர் ஜெல்லி தடவிய விரலால் சோதித்துவிட்டு, புராக்டோஸ்கோப் என்ற சிறு குழாயைச் செலுத்துவார். இரண்டு மூன்று நிமிடம்தான். கேமரா பொருத்திய குழாய் என்றால் நோயாளியே திரையில் பார்க்கலாம்.

ஆசனவாய்க்குச் சுமார் 2 செ.மீ. உள்ளே, பல் பல்லாக ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு மேலே வலி தெரியாது. கீழே லேசாகக் கீறினாலும் உயிர் போகும். உள்மூலம் வலியில்லாமல் ரத்தம் கொட்டுவதும், ஆசனவாயில் வெடிப்பு வந்தவர் கழிப்பறைக்குப் போகவே நடுங்குவதும் இதனால்தான். மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுவதும் அந்தக் கோட்டுக்கு மேலேதான். ரத்த ஓட்டம் நின்று, சில நாளில் மூலம் சுருங்கி விழுந்துவிடும். முற்றிய மூலத்துக்குத்தான் ஆபரேஷன்.

மாட வீதியில் பூ விற்கும் ஒரு அம்மா வந்தார். ரத்தம் போவதை வெகுநாள் மகளிடம்கூடச் சொல்லவில்லை. "இதையெல்லாம் எப்படிம்மா வாய்விட்டுச் சொல்றது?" என்றார். புராக்டோஸ்கோப்பில் சிறிய மூலம் தெரிந்தது. ஆனால் ரத்தசோகை அதற்குப் பொருந்தாத அளவுக்கு இருந்ததால், டாக்டர் கொலோனோஸ்கோபி செய்யச் சொன்னார். சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, வளையும் குழாய் அது. மலக்குடலைத் தாண்டியதும் சுண்டைக்காய் அளவில், காம்போடு ஒரு பாலிப், அதாவது சதை முளை. கம்பி வளையத்தை மாட்டி, மின்சாரம் பாய்ச்சி அப்போதே அறுத்தெடுத்தார்கள். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை; ஆனால் விட்டிருந்தால் புற்றாக மாறக்கூடிய வகை.

இந்த வளையும் குழாய்க்கு ஒரு கதை உண்டு. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதே ஆண்டுதான் லண்டனில் பஞ்சாப்காரரான நரிந்தர் சிங் கபானியும் ஹாப்கின்ஸும், கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று எழுதினார்கள். வளையும் எண்டோஸ்கோப் அந்த வழியில்தான் வந்தது.

ஸ்கோப்பால் எல்லாம் தெரிந்துவிடாது. பவுத்திரம் என்பது ஆசனவாய் அருகே சீழ் வடியும் துளை; அதன் பாதை தசைக்குள் எப்படி ஓடுகிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. வேண்டும். வலி கடுமையான வெடிப்பில் குழாயே போட மாட்டார்கள். நார்ச்சத்து, தண்ணீர், வெந்நீரில் உட்காருவது, களிம்பு என்று முதலில் ஆற்றுவார்கள்.

தி. நகர் ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அடிக்கடி கழிப்பறைக்குப் போக முடியாது என்று தண்ணீரே குடிப்பதில்லை. மலச்சிக்கல், பிறகு வெடிப்பு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. கழிப்பறைக்குப் போகும் நேரமும் அதே அளவு முக்கியமான உரிமை.

கொலோனோஸ்கோபிக்கு முன் சில நாள் கீரை, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். பேதி மருந்தை முழுதாகக் குடியுங்கள். குடல் சுத்தமில்லாவிட்டால் சிறு பாலிப் கண்ணுக்குத் தப்பிவிடும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வயது 45-ஐத் தாண்டியிருந்தாலும், ரத்தசோகையோ எடை இழப்போ இருந்தாலும், மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறினாலும், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தாலும் களிம்போடு காலம் கடத்தாதீர்கள். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் காட்டலாம். பெண் டாக்டர் வேண்டுமென்றால் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பரிசோதனை முடியும்வரை என்னைப் போல ஒரு நர்ஸ் பக்கத்திலேயே இருப்பாள்.