இரண்டு பதின்மூன்றாம் அதிகாரங்கள்

அரசாங்கத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்ய விரும்புகிறவர்களுக்குக் கிறிஸ்தவ வேதாகமத்தில் முதலில் கைக்கு அகப்படுவது, பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிச் சபையாருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம்தான். ஆளுகை எல்லாம் தேவனிடத்திலிருந்தே வருகிறது, ஆகையால் அதை எதிர்த்து நிற்பவன் தேவ நியமத்தையே எதிர்க்கிறான் என்பது அதன் முதல் ஏழு வசனங்களின் சாரம். எந்த மன்னனுக்குத்தான் இது தித்திக்காது? ஐரோப்பிய முடியரசர்கள் முதல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடத்தியவர்கள் வரை எத்தனையோ பேர் இந்த வசனங்களுக்குப் பின்னே ஒதுங்கிக்கொண்டதுண்டு. ஆனால் அதே வேதாகமத்தின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்தால், அங்கேயும் பதின்மூன்றாம் அதிகாரத்தில், சமுத்திரத்திலிருந்து ஏழு தலைகளோடும் பத்துக் கொம்புகளோடும் எழும்பி வரும் ஒரு மிருகத்தைக் காண்கிறோம். அது ரோம சாம்ராஜ்யத்தையே குறிக்கிறது என்பது வேத பண்டிதர் பெரும்பாலோரின் கருத்து. ஒரே ராஜ்யத்தைத் தேவ ஊழியம் என்று ஒரு பக்கமும் மிருகம் என்று மறுபக்கமும் படிக்கிறவன் எதை நம்புவது?

பவுலின் நிருபம் ஏறக்குறைய கி.பி. 57-இல் எழுதப்பட்டது என்பர். அப்போது நீரோ பட்டத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவனுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. தத்துவஞானி செனெக்கா அருகிருந்து ஆலோசனை கூறிக்கொண்டிருந்தார். ரோமாபுரி தீப்பற்றி எரிந்து, அந்தப் பழி கிறிஸ்தவர்கள் தலையில் விழுந்தது 64-இல்தான். வரி வசூலிப்போரின் கொடுமையைப் பற்றி ஜனங்கள் முறையிட்டதையும், 58-இல் நீரோ சுங்க வரிகளை அடியோடு நீக்கிவிடலாமா என்று யோசித்ததையும் ரோம சரித்திராசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். பவுல் தம் உபதேசத்தை வரி செலுத்துவதில் கொண்டுபோய் முடிப்பதன் பொருத்தம் இப்போது விளங்கும். வெளிப்படுத்தின விசேஷமோ அந்நூற்றாண்டின் கடைசியில், சின்ன ஆசியாவின் சபைகளுக்கு எழுதப்பட்டதாகக் கருதப்படுவது. தொமீஷியன் சக்கரவர்த்தியின் காலத்தில் அங்கே எபேசு நகரில் சக்கரவர்த்திகளுக்கென்றே ஒரு பெரிய கோயில் எழும்பியிருந்தது.

ஆயினும் காலபேதத்தை மாத்திரம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகாது. ரோமர் நிருபத்தைச் சற்று நிதானமாகப் படித்தால், ராஜாவைப் பவுல் தேவனுக்கு ஊழியக்காரன் என்றே சொல்லுகிறார் என்பதும், நன்மை செய்கிறவனைப் புகழ்வதும் தீமை செய்கிறவனைத் தண்டிப்பதுமே அந்த ஊழியத்தின் காரியம் என்று எல்லை கட்டுகிறார் என்பதும் புலப்படும். தேவகுமாரன் என்று நாடெங்கும் கொண்டாடப்பட்ட சக்கரவர்த்தியை ஊழியக்காரன் என்பது உயர்த்தியா, தாழ்த்தியா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

நாடெங்கும் கொண்டாடப்பட்டதற்கு ஒரு நாணயமே சாட்சி. சீசருக்கு வரி கொடுப்பது நியாயமா என்று பரிசேயரும் ஏரோதியரும் சேர்ந்து வந்து இயேசுவைக் கேட்டபோது, அவர் கொண்டுவரச் சொன்ன வெள்ளிக்காசு பெரும்பாலும் திபேரியு சக்கரவர்த்தியின் தெனாரியஸாக இருக்கலாம் என்று நாணய ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நான்கு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள அச்சிறு காசின் ஒரு பக்கத்தில் மாலை சூடிய சக்கரவர்த்தியின் தலையும், தெய்வமாகிய அகஸ்துவின் குமாரன் என்னும் பொருள்படும் எழுத்துக்களும் இருக்கும். மறுபக்கத்தில் அவரே தலைமைப் பூசாரி என்ற பட்டம். கி.பி. 6-இல் இதே வரிக்காகக் குடிமதிப்பு எடுத்தபோது கலிலேயனாகிய யூதாஸ் என்பவன் கலகக்கொடி உயர்த்தியிருந்தான். ஆகவே கொடு என்றால் ஜனங்கள் பகைப்பார்கள், கொடாதே என்றால் ரோமர் பிடிப்பார்கள். இயேசு அந்தச் சொரூபம் யாருடையது என்று கேட்டு, சீசருடையதைச் சீசருக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் கொடுக்கச் சொன்னார். வெள்ளிக்காசு சீசரிடம் போய்விடும். ஆனால் ஆதியாகமத்தின்படி மனிதன் தேவ சாயலாகச் சிருஷ்டிக்கப்பட்டவன் ஆயிற்றே, அவன் யாரிடம் போக வேண்டும் என்ற கேள்வி கேட்டவர்கள் தலைமேலேயே நிற்கிறது.

பின்னர் பிலாத்துவின் நியாயஸ்தலத்தில் இதே விவகாரம் உயிர்போகும் கட்டத்துக்கு வருகிறது. உன்னை விடுதலை செய்யவும் சிலுவையில் அறையவும் எனக்கு அதிகாரம் உண்டு என்று தேசாதிபதி மிரட்ட, மேலிருந்து கொடுக்கப்படாவிட்டால் உமக்கு ஓர் அதிகாரமும் இராது என்று கைதியாகிய இயேசு பதில் கூறுகிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் ஒன்று 1961-இல் செசரியாவில் அகப்பட்டது. அதில் அவன் திபேரியுவின் பெயரால் எடுப்பித்த ஒரு கட்டடம் குறிக்கப்பட்டிருக்கிறது. மேலே சக்கரவர்த்தி ஒருவரே என்று எண்ணிக்கொண்டிருந்தவனிடம், அதற்கும் மேலே ஒரு மேல் உண்டு என்பதே அந்தப் பதிலின் பொருள். கொடுக்கப்பட்டது என்றால் கணக்குக் கேட்கப்படும் என்றும் ஆகிறதல்லவா? பவுலின் வசனமும் இதுவே. ஆளுவோர் அதன் முன்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

பழைய ஏற்பாட்டிலும் இது புதிதன்று. எங்களுக்கு ராஜா வேண்டும் என்று இஸ்ரவேலர் அடம் பிடித்தபோது, அவன் உங்கள் பிள்ளைகளை ரதங்களுக்கு முன் ஓடவும் உங்கள் குமாரத்திகளைச் சமையல் செய்யவும் எடுத்துக்கொள்வான், தானியத்தில் தசமபாகம் வாங்குவான் என்று சாமுவேல் வரிசையாக எச்சரிக்கிறார். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் கட்டளையைச் சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகள் மீறிய கதையோ யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. பார்வோனின் பெயரை அங்கே எழுதவில்லை, அப்பெண்களின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் படிப்பின் விளைவு இருபதாம் நூற்றாண்டிலேயே காணக்கூடியது. 1934-ஆம் வருஷம் மே மாத இறுதியில், ஹிட்லர் சபையைத் தன் கைக்குள் அடக்க முனைந்தபோது, ஜெர்மனியில் பார்மன் என்னுமிடத்தில் கூடிய சபையார், இறையியலாளர் கார்ல் பார்த் முக்கியமாக எழுதிய பிரகடனத்தில், நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசுக்குத் தேவன் ஒப்படைத்த வேலை என்று ஒப்புக்கொண்டு, மனித வாழ்க்கை முழுவதுக்கும் தானே முடிவான ஒழுங்கு என்று அரசு உரிமை கொண்டாடுவதை மறுத்தார்கள். யூதர்களின் துயரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை என்பது அதன் பெருங்குறை. 1985-இல் தென்னாப்பிரிக்க இறையியலாளர் வெளியிட்ட கெய்ரோஸ் ஆவணம், ரோமர் பதின்மூன்றை அரசாங்கம் துஷ்பிரயோகம் செய்வதைக் கண்டித்ததோடு, வெளிப்படுத்தின விசேஷத்தின் பதின்மூன்றையும் அருகில் எடுத்து வைத்தது.

ரோமர் நிருபத்தின் அதிகாரப் பிரிவுகள் பவுல் இட்டவை அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் வகுத்தவை என்று வழங்கப்படுபவை. அவற்றை மறந்துவிட்டு, பழிவாங்காதே என்று தொடங்கும் பன்னிரண்டாம் அதிகாரத்தின் பிற்பகுதி முதல், அன்பைத் தவிர ஒருவருக்கும் கடன்படாதிருங்கள் என்னும் பதின்மூன்றாம் அதிகாரத்தின் எட்டாம் வசனம் வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். வாசித்தபின், அந்த ஏழு வசனங்களை மேற்கோள் காட்டுகிறவரிடம் மற்றவற்றையும் சேர்த்துப் படிக்கும்படி கேளுங்கள்.