மஸ்கி மீனும் அலுமினியப் படகும்: எதைப் பார்த்து வாங்குவது?

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



"டெக்னிக்கலா ஒரு கட்டுரை குடுப்பா, ஆனா பாடப் புத்தகத்தை அப்படியே காப்பி அடிச்சுட்டு வராதே" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். சரி, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுவோம் என்று முடிவு செய்தேன். இது படகைப் பற்றிய கட்டுரை. நான் சொன்ன ஒரு தப்பான யோசனையைப் பற்றிய கட்டுரையும் கூட.

என் அம்மாவின் தம்பி அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறார். ஊரில் வாய்க்காலில் தூண்டில் போட்டுக் கெண்டை பிடித்த மனிதர். அங்கே போயும் அந்தப் பழக்கம் விடவில்லை. 2023 அக்டோபரில் நண்பர்கள் இருவரோடு 16 அடி அலுமினியப் படகில் மில் லாக்ஸ் ஏரிக்குப் போயிருக்கிறார். மத்தியானம் காற்று திடீரென்று வலுத்தது. கரைக்குத் திரும்பும்போது ஓர் அலைக்குப் பயந்து எஞ்சினைச் சட்டென்று குறைத்தார்கள். பின்னால் வந்த அலை படகுக்குள்ளேயே ஏறிவிட்டது. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பம்பு வேலை செய்ததால் பிழைத்தார்கள்.

அடுத்த வாரமே போன் செய்தார். "மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? பெரிய அலுமினியப் படகா ஒண்ணு வாங்கப் போறேன். எதைப் பார்த்து வாங்கணும், சொல்லு."

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "20 அடி வாங்குங்க மாமா, எஞ்சின் எவ்வளவு பெருசு மாட்ட முடியுமோ அவ்வளவு பெருசா மாட்டுங்க" என்றேன். அது எவ்வளவு அரைகுறையான பதில் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் மீனைப் பார்ப்போம்

மஸ்கி என்று செல்லமாகச் சொல்லப்படும் மஸ்கெலஞ்ச், வட அமெரிக்க நன்னீர் ஏரிகளில் வாழும் பெரிய வேட்டை மீன். விஸ்கான்சின் மாநிலத்தின் மாநில மீன் இதுதான். 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர் நீள மீன்கூடக் கிடைக்கும். ஆனால் சுலபமாகக் கிடைக்காது. பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால்தான் ஒரு மஸ்கி என்பது அங்கே வழக்கில் உள்ள பேச்சு. மினசோட்டாவில் பொதுவாக 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். அதைவிடப் பெரியது கிடைத்தாலும் பெரும்பாலோர் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இதற்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. பெரிய மஸ்கிக்குப் பேர்போன காலம் இலையுதிர்காலத்தின் கடைசி. அப்போது தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், காற்றும் அதிகம். ஏரிகளும் சின்ன ஏரிகள் இல்லை. மில் லாக்ஸ் சுமார் 530 சதுர கிலோமீட்டர். ஆனால் அதிகபட்ச ஆழமே 42 அடிதான். இப்படிப் பரந்து ஆழமில்லாமல் கிடக்கும் ஏரியில் காற்றடித்தால் அலைகள் நெருக்கமாக, செங்குத்தாக எழும். ஒரு அலையில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது வந்து மோதும்.

குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு என்ன ஆகும் என்பதை கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவர 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். உயிர்காப்புச் சட்டை போடாதவர் பத்து நிமிடத்துக்குப் பிறகு நீந்தவும் முடியாது, மிதக்கவும் முடியாது. ஆகவே படகு வாங்குவது மீனைப் பிடிக்க மட்டும் இல்லை, திரும்பி வருவதற்கும்தான்.

அலுமினியம் ஏன்?

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், விமானம் கட்டிக்கொண்டிருந்த கிரம்மன் கம்பெனி அலுமினியத் தோணி செய்யத் தொடங்கியது. விமானத்துக்கு எது பிடித்ததோ அதுவே படகுக்கும் பிடித்தது. இரும்பின் அடர்த்தி 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. அதோடு நன்னீரில் அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலமே காவல். பாறையில் மோதினால் ஃபைபர்கிளாஸ் கீறும், உடையும். அலுமினியம் பெரும்பாலும் நசுங்குவதோடு நிற்கும். எடை குறைவாக இருப்பதால் டிரெய்லரில் இழுத்துப் போக ரொம்பப் பெரிய வண்டி வேண்டாம்.

அதே குறைந்த எடைதான் இதன் குறையும். கனமான ஃபைபர்கிளாஸ் படகு அலையை வெட்டிக்கொண்டு போகும். அலுமினியம் அலைமேல் தட்டித் தட்டிப் போகும். காற்று அதைப் பக்கவாட்டில் சுலபமாகத் தள்ளும். இந்தக் குறையைச் சமாளிக்கத்தான் அடிப்பாகம் நல்ல 'வி' வடிவத்தில் இருக்க வேண்டும். தட்டையான அடிப்பாகம் குளத்துக்குச் சரி, இந்த ஏரிகளுக்கு ஆகாது.

தகடு, ரிவெட், வெல்டிங்

பெரும்பாலும் 5052 என்ற மக்னீசியம் கலந்த அலுமினியத் தகடுதான் படகின் அடிப்பாகத்துக்குப் பயன்படுகிறது. விளம்பரத்தில் 0.100, 0.125 அங்குலம் என்று தடிமன் போட்டிருப்பார்கள். "இதுல என்ன பெரிய வித்தியாசம்?" என்று தோன்றும். நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தை நினைத்துப் பாருங்கள். தகட்டின் வளையாத் தன்மை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 1.25ஐ மூன்று முறை பெருக்கினால் 1.95. தகட்டின் எடை 25 சதவீதம்தான் கூடுகிறது, விறைப்போ ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது! ஆனாலும் தடிமனை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே குறுக்கே போகும் சட்டங்கள் எத்தனை, எவ்வளவு நெருக்கம் என்றும் கேட்க வேண்டும்.

ரிவெட்டா, வெல்டிங்கா என்பது அங்கே முடியாத பட்டிமன்றம். வெல்டிங் செய்த படகில் தளர்வதற்கு ரிவெட் இல்லை. ஆனால் குளிர்நிலையில் உருட்டிப் பலமேற்றிய தகட்டை வெல்டிங் செய்தால், சூடுபட்ட இடத்தில் அந்தப் பலம் குறைந்துவிடும். வேலை சுத்தமில்லை என்றால் அந்தப் பட்டையில்தான் விரிசல் வரும். ரிவெட் தளர்ந்தால் கசியும், ஆனால் ஒற்றை ரிவெட்டை மாற்றுவது சுலபம். இரண்டு முறையிலும் நல்ல படகும் உண்டு, மட்டமான படகும் உண்டு. முறையைவிட வேலைப்பாடுதான் முக்கியம் என்பது என் கருத்து.

எடைக் கணக்கு: மாமாவின் படகில் நடந்தது என்ன?

முன்பக்கத்தில் மாட்டும் மின் மோட்டாருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மொத்த எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு உந்துவிசை. ஆளும் சாமானும் சேர்த்து 4,000 பவுண்டு வரும் படகுக்குக் குறைந்தது 80 பவுண்டு வேண்டும். காற்றில் நிற்க அதுக்கும் மேலே வேண்டும் என்று 36 வோல்ட் மோட்டார் போடுகிறார்கள். அதற்கு மூன்று 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. பெரிய ஈய பேட்டரி ஒன்று சுமார் 30 கிலோ என்றால் மூன்றுக்கு 90 கிலோ. 40 கேலன் பெட்ரோல் சுமார் 110 கிலோ. மூன்று பேர் 240 கிலோ. தூண்டில், வலை, சாமான் 10 கிலோ. ஆகமொத்தம் 450 கிலோ!

இனி ஆர்க்கிமிடிஸ். படகு தண்ணீரைத் தொடும் பரப்பு தோராயமாக 7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.45 கன மீட்டரை 7ஆல் வகுத்தால் 6.4 சென்டிமீட்டர். சுமை சமமாகப் பரவினால் படகு முழுவதும் அவ்வளவு இறங்கும். ஆனால் எஞ்சின் பின்னால், பெட்ரோல் பின்னால், பேட்டரி பின்னால், குளிருக்குப் பயந்து ஆட்களும் பின்னால் என்றால்? முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் அதைப்போல இன்னும் பல சென்டிமீட்டர் இறங்கும். அந்த நேரத்தில் எஞ்சினைச் சட்டென்று குறைத்தால், படகு எழுப்பிய அலையும் பின்னால் வரும் அலையும் சேர்ந்து உள்ளே ஏறும். மாமாவுக்கு நடந்தது இதுதான். படகு சின்னது என்பது பாதிக் காரணம், சுமை வைத்த இடம் மீதிக் காரணம்.

எனவே பார்க்க வேண்டியது நீளம் மட்டும் அல்ல. அகலம் எவ்வளவு? தண்ணீர் மட்டத்திலிருந்து விளிம்பு எவ்வளவு உயரம், அதிலும் பின்பக்கம் எவ்வளவு? பேட்டரியை நடுவில் அல்லது முன்னால் வைக்க இடம் உண்டா?

என் யோசனை எங்கே தப்பியது?

ஒரு மாதம் கழித்து மாமா மறுபடியும் கூப்பிட்டார். "மாப்ள, நீ 20 அடின்னு சொன்னியே, 20 அடியில சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்தியா?" பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன்.

அமெரிக்காவில் 1971 படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகில் கொள்ளளவுத் தகடு ஒட்டியிருக்க வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று அதில் இருக்கும். வெளிப்புற எஞ்சின் மாட்டும் அத்தகைய படகு, உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் கவிழாமல் மட்டமாக மிதக்கும்படி நுரை அடைத்திருக்க வேண்டும். 20 அடியும் அதற்கு மேலும் என்றால் இந்த இரண்டும் கட்டாயம் இல்லை! பல கம்பெனிகள் தாங்களாகவே செய்கிறார்கள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவர் பொறுப்பு. "பெருசு என்றால் பத்திரம்" என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது எவ்வளவு ஆபத்து, பாருங்கள்.

எஞ்சின் விஷயமும் அப்படித்தான். தகட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ரொம்பக் குறைந்தால் சுமையோடு படகு தண்ணீர்மேல் எழும்பி ஓடத் திணறும். பெரிய எஞ்சினோடு 9.9 குதிரைத்திறனில் ஒரு சின்ன எஞ்சினும் மாட்டிக்கொண்டால், மெதுவாகத் தூண்டில் இழுத்துப் போகவும் ஆகும், பெரியது கோளாறானால் கரை சேரவும் ஆகும். 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த படகில் ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும் இணைப்பை மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்பதும் அங்கே சட்டம்.

மஸ்கிக்கென்று தனியாக

மஸ்கி தூண்டில் கம்பு 9 அடி வரும். அதை முழுசாக வைக்க நீளமான பெட்டி வேண்டும். மீன் படகு ஓரம் வரை பின்தொடர்ந்து வந்து, கடைசி நொடியில்தான் கவ்வும். அதற்காகக் கம்பு நுனியைத் தண்ணீரில் எட்டு போடுவதுபோல் சுற்றுவார்கள். ஆகவே நின்று சுற்ற முன்னும் பின்னும் அகலமான மேடை வேண்டும். விளிம்பு உயரமாக இருந்தால் அலைக்கு நல்லது. ஆனால் ரொம்ப உயரமானால், மீனைத் தண்ணீருக்குள் வலையிலேயே வைத்துக் கொக்கி கழற்றக் குனிய முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைப் பிடிக்க வேண்டும். கடையிலேயே முட்டிபோட்டுக் கையை வெளியே நீட்டிப் பாருங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். சிரித்தாலும் செய்து பார்த்திருக்கிறார்.

பழைய படகு என்றால் இன்னும் மூன்று சோதனை. எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கணும். எஞ்சின் மாட்டிய பின்பலகை வளைந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கலாம். டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு, கீழே எங்கே சொட்டுகிறது என்று பார்க்கணும். எடை மேடையில் ஏற்றிப் பார்க்கணும். கம்பெனி சொன்ன எடையைவிட ரொம்பக் கூடினால் நுரை தண்ணீர் குடித்திருக்கிறதோ என்று சந்தேகப்படணும்.

கடைசியில் மாமா வாங்கியது 20 அடி இல்லை. 18 அடிக்குக் கொஞ்சம் மேலே. அகலம் தாராளம், ஆழமான 'வி' வடிவம், நுரை அடைத்தது, பேட்டரி நடுவில். போன வருடம் 44 அங்குல மஸ்கி ஒன்று பிடித்து, தண்ணீரிலேயே விட்டுவிட்டு, போட்டோ அனுப்பினார். போட்டோவில் நான் முதலில் பார்த்தது மீனை அல்ல. மூன்று பேரும் உயிர்காப்புச் சட்டை போட்டிருக்கிறார்களா என்றுதான் பார்த்தேன். போட்டிருந்தார்கள்.

நண்பர்களே, நாளைக்கு டிப்ளமோ கையில் வந்ததும் சொந்தக்காரர், தெரிந்தவர் எல்லோரும் நம்மிடம் கேட்பார்கள்: "நீ படிச்ச பையன், இதை வாங்கலாமா?" தெரிந்த மாதிரி உடனே பதில் சொல்ல நாக்கு துடிக்கும். "ஒரு நாள் டைம் குடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழகுவோம். நம் வார்த்தையை நம்பி யாரோ ஒருவர் அந்தப் படகில் ஏறி உட்காரப் போகிறார்.