தொழுவத்துத் தூசி

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வாழும் ஆமிஷ் மக்கள் இன்றும் குதிரை பூட்டித்தான் உழுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம். கைக்குழந்தைப் பருவம் தொட்டே பிள்ளைகளுக்கு அந்தக் காற்றுதான். தெற்கு டகோட்டாவில் வாழும் ஹட்டரைட் மக்களும் விவசாயிகள்தாம், மாடு வளர்ப்பவர்கள்தாம். ஆனால் அவர்களுடையவை பெரிய கூட்டுப் பண்ணைகள். வேலையெல்லாம் இயந்திரங்கள் பார்த்துக்கொள்கின்றன. குழந்தைகள் தொழுவத்துப் பக்கம் போவது அரிது.

இரு சமூகங்களின் முன்னோரும் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். மரபணு அளவிலும் நெருங்கியவர்கள். நிறையப் பிள்ளைகள், நெடுநாள் தாய்ப்பால், கொழுப்பு மிகுந்த சாப்பாடு, தடுப்பூசி என வாழ்க்கைமுறையிலும் ஒற்றுமை அதிகம். வீட்டுக்குள் நாய், பூனை வளர்க்கும் வழக்கம் இரு பக்கமும் இல்லை. ஆனாலும் பள்ளி வயது ஆமிஷ் பிள்ளைகளில் 5.2 சதவீதம் பேருக்குத்தான் ஆஸ்துமா. ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம். நான்கு மடங்கு!

சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரல் ஓபர், ஜெர்மனியின் எரிகா வான் மூட்டியஸ் உள்ளிட்டோர் இதைத் துருவிப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். வீட்டுத் தூசியைச் சேகரித்துச் சோதித்தபோது, ஆமிஷ் வீடுகளில் எண்டோடாக்சின் 6.8 மடங்கு அதிகம். இது சிலவகை பாக்டீரியாக்களின் வெளியுறையில் இருக்கும் பொருள். அதற்காக அவை அழுக்கு வீடுகள் என்று நினைத்துவிடக் கூடாது. இரு தரப்பாரும் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்களே.

அடுத்து அவர்கள் செய்த சோதனைதான் என்னை மிகவும் கவர்ந்தது. அந்தத் தூசிச் சாற்றை எலிகளின் மூக்கில் விட்டு, அலர்ஜியைத் தூண்டிப் பார்த்தார்கள். ஆமிஷ் தூசி பெற்ற எலிகளுக்கு மூச்சுக்குழாய்ச் சுருக்கம் அடங்கியது. ஹட்டரைட் தூசி காப்பாற்றவில்லை. நுண்ணுயிர் நுழைந்ததை உடலுக்கு முதலில் உணர்த்தும் வழிக்குத் தேவையான இரண்டு மரபணுக்களை நீக்கிய எலிகளுக்கோ ஆமிஷ் தூசியும் பலன் தரவில்லை. பிறவியிலேயே நமக்கு வாய்த்த எதிர்ப்பாற்றலைத்தான் அந்தத் தூசி பழக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எந்த வயதில் பழகுகிறது என்பதும் முக்கியம். ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து கிராமங்களில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், ஒரு வயதுக்குள்ளேயே தொழுவமும் பண்ணைப் பாலும் பழகிய பிள்ளைகளில் 1 சதவீதம் பேருக்கே ஆஸ்துமா இருந்தது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் பழகியவர்களில் அது 11 சதவீதம்.

1989-இல் பிரிட்டனின் டேவிட் ஸ்ட்ராகன், அண்ணன் அக்காக்கள் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மகரந்த அலர்ஜி குறைவு என்று கண்டு, சிறுவயதுத் தொற்றுகள் காக்கின்றனவோ என்று ஊகித்தார். அது ஊர் ஊராகப் பரவி, ‘சுத்தமே ஆகாது’ என்று திரிந்துபோனது. இது ஆபத்தான பேச்சு. பச்சிளம் பருவத்தில் வீசிங்கோடு வரும் வைரஸ் தொற்றுகள் பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுவதோடு தொடர்புடையவை. காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமியும் புருசெல்லாவும் வரலாம். கை கழுவுவதையோ தடுப்பூசியையோ விட்டுவிட இந்த ஆய்வுகளில் ஒரு காரணமும் இல்லை.

ஏற்கெனவே ஆஸ்துமா வந்துவிட்ட பிள்ளையைத் தொழுவத்தில் நிறுத்தி வைத்தியம் பார்க்கவும் கூடாது. அந்தத் தூசியே இளைப்பைக் கிளப்பிவிடலாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர், அதுவும் நடுவில் நிறுத்தாமல்.