மருந்தடிக்கும் தோட்டமும் சர்க்கரை நோயும்

மருந்தடித்துவிட்டு வீடு திரும்பிய அன்று தலை வலித்தால், 'வெயில் கூடிப்போச்சு' என்பார்கள். குமட்டினால் 'பித்தம்'. கண்ணில் நீர் வடிந்தால் 'தூசி'. பூச்சிமருந்து தரும் உபாதைகளுக்கு மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப் பல பெயர்கள் உண்டு. சர்க்கரை நோய்க்கோ அரிசிச்சோறு, பரம்பரை என இரண்டே காரணங்கள்தான் சொல்லப்படுகின்றன. மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று சொன்ன ஆய்வு, இதே மதுரைப் பகுதியில்தான் நடந்தது.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணேசன் வேல்முருகன், சுப்பையா ராமசாமி குழுவினர், 35 வயதைத் தாண்டிய கிராமத்து மக்கள் 3,080 பேரிடம் கணக்கெடுத்தார்கள். முடிவு 2017-ல் 'ஜீனோம் பயாலஜி' என்ற அறிவியல் இதழில் வெளியானது. பூச்சிக்கொல்லியோடு தொடர்ந்து புழங்குகிறவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய். புழங்காதவர்களில் 6.2 சதவிகிதம். ஏறக்குறைய மூன்று மடங்கு.

கணக்கெடுப்போடு அவர்கள் நிற்கவில்லை. எலிகளுக்கு 180 நாட்கள் குடிநீரில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை மெல்ல ஏறியது. குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த மருந்தைச் சிதைக்கும்போது அசிட்டிக் அமிலம் போன்றவை உண்டாகின்றன. அவை ஈரலில் சர்க்கரையாக மாறுகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதை வைத்து 'மருந்தடித்தால் சர்க்கரை வரும்' என்று முடிவுகட்டிவிட முடியாது. ஒரே சமயத்தில் எடுக்கும் கணக்கெடுப்பு, தொடர்பைக் காட்டுமே தவிர காரணத்தை நிரூபிக்காது. எலி வேறு, மனிதன் வேறு. ஆனால், வருஷத்தில் பாதி நாள் தெளிப்பானைச் சுமக்கிற ஒருவர், சர்க்கரை வரக்கூடியவர்களில் தானும் ஒருவர் என்று எண்ணிக்கொள்ள இவ்வளவு போதும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் போகும்போது 'நான் மருந்தடிக்கிற ஆள்' என்ற ஒரு வரியைச் சொல்லிவிட வேண்டும். கேட்கிற டாக்டர் குறைவு, சொல்கிற விவசாயி அதைவிடக் குறைவு. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர், 'எனக்கு வந்தது மருந்தால்தான்' என்று மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

எந்த வழியாக உள்ளே போகிறது?

எலி குடித்தது. மனிதன் குடிப்பதில்லையே என்று தோன்றும். மருந்து கலந்த கையோடு பீடி பற்றவைப்பது, வெற்றிலை மடிப்பது, வரப்பில் உட்கார்ந்து டீ குடிப்பது எல்லாமே வாய்வழிதான். அதைவிடப் பெரிய வழி, தோல். மூக்கில் துண்டு கட்டியதும் பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தத் துண்டு நனைந்துவிட்டால், மருந்தை முகத்தோடு ஒட்டிவைக்கும் பற்றுப்போலத்தான் ஆகும்.

உடம்பின் எல்லாத் தோலும் ஒன்றல்ல. பாரத்தியான் என்ற பழைய பூச்சிக்கொல்லியை வைத்து அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். முன்கைத் தோல் ஒரு பங்கு உறிஞ்சினால், நெற்றி 4 பங்குக்கு மேல், அக்குள் 7 பங்குக்கு மேல், விதைப்பைத் தோல் ஏறக்குறைய 12 பங்கு உறிஞ்சுகிறது. கைலி கட்டிக்கொண்டு, ஒழுகும் டேங்க்கை முதுகில் சுமப்பவருக்கு மருந்து முதுகு வழியே வழிந்து எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில் முழு உடல் கவசம் போடச் சொல்வது நடக்காத காரியம். வாஷர் மாற்றி ஒழுகலை நிறுத்துவது, முதுகுக்கும் டேங்க்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள், கைலிக்குப் பதில் பேன்ட் என்ற மூன்றும் நடக்கிற காரியம்.

கையுறை, அடிக்கும்போதைவிடக் கலக்கும்போதுதான் முக்கியம். ஒரு கணக்கு போட்டால் புரியும். 36 சதவிகித மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்தால், பாட்டிலில் இருந்து கையில் சிந்தும் 1 மில்லி, கலந்த தண்ணீர் அரை லிட்டருக்குச் சமம்.

பூ எடுப்பவர்களின் பாடு

காய்கறியில் மருந்தடித்தால் அறுவடைக்கு இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மல்லிகையில், அதுவும் பங்குனி முதல் ஆனி வரையிலான சீசனில், தினமும் மொட்டு எடுத்தாக வேண்டும். மொட்டுப்புழுவுக்குச் சாயங்காலம் அடித்த செடியில், விடிவதற்கு முன்பே பெண்கள் கை வைக்கிறார்கள். பனியில் நனைந்த இலையில் இருந்து மருந்து கைக்கு எளிதாக ஒட்டும். அடித்தவருக்காவது என்ன மருந்து என்று தெரியும், எடுப்பவருக்கு அதுவும் தெரியாது. தோட்டக்காரர் மருந்தின் பெயரையும் அடித்த நேரத்தையும் முதல்நாளே சொல்லிவிடுவது செலவில்லாத வேலை. முழுக்கைச் சட்டை, பூ எடுத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவத் தண்ணீர், இரண்டும் தோட்டத்திலேயே இருக்கலாம். கூடவே வரும் பிள்ளைகளை, மருந்தடித்த மறுநாள் செடிக்குள் விடாமல் இருப்பது நல்லது.

மொட்டுப்புழு ஆரம்பத்தில் குறைவாக இருக்கும்போது 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப் கரைத்து அடிக்க வேண்டும். புழு அதிகமானபின் இது மட்டும் கைகொடுக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில், பாதித்த மொட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டி ஆலோசனை பெறலாம்.

காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் 2005-லேயே தடைசெய்யப்பட்டது. 2023-ல் 36 சதவிகிதக் கரைசலின் பதிவையே மத்திய அரசு ரத்து செய்தது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த புரபனோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் கடைகளில் உலவியவைதான். பெயர் மாறினால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமல்ல. பாட்டிலில் உள்ள முக்கோணத்தின் நிறமும் ஓரளவுக்குத்தான் உதவும். சிவப்பு மிகக் கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. அது ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவு ஆபத்து என்பதை மட்டும் காட்டும். பத்து வருஷம் புழங்கினால் என்ன ஆகும் என்பதை எந்த நிறமும் சொல்லாது.

வாசகர்கள் கேட்பவை

'மருந்தடித்ததும் பால் குடித்தால் விஷம் முறியுமா?' முறியாது. பால், மோர், வெல்லம் எதுவும் மாற்று மருந்து அல்ல. 'உடம்பில் சேர்ந்த விஷத்தை வெளியேற்றும்' என்று விற்கப்படும் பொடிகளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். இந்தக் குடும்பத்து மருந்துகளில் பெரும்பாலானவை சில நாட்களில் சிறுநீரில் வெளியேறிவிடும். மறுபடி மறுபடி உள்ளே போவதுதான் பிரச்னை.

'பாதிப்பு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க முடியுமா?' முடியும். கோலினெஸ்டரேஸ் என்ற பரிசோதனை இருக்கிறது. ஆனால் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். எனவே சீசனுக்கு முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை எடுத்து ஒப்பிட்டால்தான் பயன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ரத்தச் சிவப்பணுவில் உள்ள இந்த நொதி தொழிலாளியின் சொந்த அளவில் 70 சதவிகிதமாகக் குறைந்தாலே தெளிப்பு வேலையில் இருந்து விலக்கிவைக்க வேண்டும் என்பது சட்டம். அது பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம்.

'எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?' எச்சில் அதிகமாக ஊறுவது, வியர்த்துக் கொட்டுவது, கண் பாப்பா குண்டூசி முனைபோலச் சுருங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, சதை துடிப்பது, மூச்சு முட்டுவது. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வந்தாலே கிளம்ப வேண்டியதுதான். தோல் வழியே போனது பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும் என்பதால், ராத்திரி வந்தாலும் 'காலையில் பார்த்துக்கலாம்' என்று படுக்கக் கூடாது. 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். வாந்தி எடுக்கவைக்க உப்புத்தண்ணீர் ஊற்றாதீர்கள். உடுப்பைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்து பாட்டிலையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால், அட்ரோபின் ஊசி போடுவதா, வேறு சிகிச்சையா என்று டாக்டர் உடனே முடிவெடுக்க முடியும்.